எழுதாமல் விட்ட வரி

எங்கள் ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. மெஷினின் கடிகாரம் 25 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியாது. பேப்பர் வெளியே வந்ததும் கண் அலைகளைத்தான் தேடும். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த 25 நிமிடத்துக்குப் பதில் சொல்லச் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஜலகண்டாபுரத்தில் பத்துப் படுக்கை வைத்து நடத்தும் பொது மருத்துவன் நான். தறிச் சத்தம் கேட்காத தெரு இங்கே குறைவு. இரவில் வருகிற நோயாளிகளில் பாதிப் பேரின் சட்டையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். அந்த வழக்கின் நோயாளியும் அப்படித்தான் வந்தார். வயது ஐம்பதுக்குள். ஓ.பி. நோட்டில் பதிவான நேரம் இரவு 10.30. மேல்வயிற்றில் எரிச்சல், லேசான வியர்வை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது என்றார். பத்து நிமிடத்தில் எடுத்த முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதற்காக நிம்மதியடைய முடியாத நோய் இது. இதயத்தின் கீழ்ச்சுவரில் ரத்தம் தடைப்பட்டால் வலி நெஞ்சில் வராமல் மேல்வயிற்றில் வரலாம். முதல் ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்து, அரை மணியோ ஒரு மணியோ கழித்து எடுப்பதில் அலை எழும்பி நிற்கலாம். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரமாகும். எனவே செய்ய வேண்டியது, படுக்க வைத்துத் திரும்பத் திரும்ப ஈ.சி.ஜி. எடுப்பது. கூடவே சேலத்துக்கு அனுப்ப முனைவது. நான் அவர் மனைவியிடம் சொன்னேன்: "வாயுவாவும் இருக்கலாம்மா, இதயமாவும் இருக்கலாம். சேலம் போயிட்டா நல்லது." அவர் கணவரைப் பார்த்தார். கணவர் சொன்னார்: "காத்தால பாவு பிணைக்க ஆள் வர்றாங்க டாக்டருங்க. ஊசி போட்டு விடுங்க, விடிஞ்சதும் போய்க்கறோம்."

அமில எரிச்சலுக்கு ஊசி போட்டேன். படுக்க வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் 11.30க்கு எடுத்த இரண்டாவது ஈ.சி.ஜி.யில் கீழ்ச்சுவர் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் லோடிங் டோஸாகக் கொடுத்து 108ஐ அழைத்தோம். தாரமங்கலம் தாண்டிச் சேலம் போய்ச் சேரும் முன்பே அவர் உயிர் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் இருந்த ஒரு வாக்கியம் இன்றும் மனப்பாடம்: வாயு என்று சொல்லி ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார். பொய் என்று அதைத் தள்ள முடியவில்லை. நான் சொன்னதில் முதல் பாதி அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது, மறுபாதி விழவில்லை. நள்ளிரவில், பயத்தில் இருக்கிறவர்கள், பயம் குறைகிற வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். முப்பது வருடம் தொழில் செய்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டீஸில் கேஸ் ஷீட் நகலும் கேட்டிருந்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கேஸ் ஷீட்டை எடுத்து மேஜையில் வைத்துப் படித்தேன். என் கையெழுத்தை வேறொருவர் படிப்பது போல் படிப்பது அதுவே முதல் முறை. இரண்டு ஆங்கிலச் சுருக்கங்கள், ஒன்று இரைப்பைக்கு, ஒன்று இதயத்துக்கு. இரண்டுக்கும் முன்னால் கேள்விக்குறி. அதற்குக் கீழே ரத்த அழுத்தம், நாடி, கொடுத்த மருந்து. சேலம் போகச் சொன்னதும் அவர்கள் மறுத்ததும் எங்கேயும் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல்கடை வெள்ளைத்தாள் இருந்தது.

அந்த இடம் போதும். அதே நீல மை பேனா சட்டைப் பையில் இருந்தது. எழுதியிருந்தாலும் பொய் அல்ல, நடந்ததைத்தான் எழுதியிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேனாவை எடுக்காமலே நகல் எடுக்கக் கொடுத்துவிட்டேன். மறுநாள் சேலத்தில் என் வக்கீல் அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், கேஸ் ஷீட்ல கை வச்சீங்களா?" இல்லை என்றேன். "ஒரு வரி கூடியிருந்தாலும் மீதி எல்லா வரியும் செத்துப் போயிருக்கும்" என்றார். வழக்கில் சிக்கிய இளம் மருத்துவர்கள் இப்போது என்னிடம் பேசும்போது நான் முதலில் கேட்பதும் அதையேதான்.

இன்னொன்றும் அவர்களிடம் சொல்வேன். நோட்டீஸ் வந்த அன்றே தொழில்சார் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் பாலிசி இருந்தும் சிக்கல் வரும்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பினோம். சில மாதங்களில் ஆணையத்தின் சம்மன் வந்தது. ஆஸ்பத்திரி முதல் எதிர்தரப்பினர், நான் இரண்டாம் எதிர்தரப்பினர், காப்பீட்டு நிறுவனம் மூன்றாவது. கேட்ட இழப்பீடு 25 லட்சம். அன்றிரவு நான் வாங்கிய பில் 1,850 ரூபாய். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதை நோயாளி செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது, கேட்கிற இழப்பீடு அல்ல. கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குப் போட ஆணையத்துக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். இதைச் சொல்லிச் சக மருத்துவர்கள் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. தறிக்கூலியில் வாழ்ந்த குடும்பம் கேள்வி கேட்க வேறு வாசல் எது?

அந்த வாசலைத் திறந்தது 1995 நவம்பர் 13ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கு என்று மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவது நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவை ஆகாது என்று தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை சேவைதான் என்றது. 2024 மே 14 அன்று வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்த இரு நீதிபதிகள், 1995 தீர்ப்பையும் மறுபடி பார்க்கலாம் என்று எழுதினார்கள். எங்கள் சங்கக் கூட்டங்களில் பெரிய நம்பிக்கை பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்குத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. சரியாகத்தான் முடித்தது என்று நினைக்கிறேன்.

பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. ஓ.பி. பார்க்கிற மும்முரத்தில் நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டு 45 நாளைக் கடத்தினால், நம் தரப்பு என்று ஒன்று பதிவில் இருக்காது. புகாரின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். நான் இரவுகளில் எழுதி அனுப்புவேன், வக்கீல் சிவப்பு மையில் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். "ஏன்?" என்ற ஒரே சொல்தான் பெரும்பாலும். ஏன் அந்த ஊசி? ஏன் 11.30க்கு இரண்டாவது ஈ.சி.ஜி., ஏன் 11 மணிக்கு இல்லை? ஏன் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை தரவில்லை?

கடைசிக் கேள்வி புகாரிலும் இருந்தது. மாரடைப்பு என்றால் நாக்குக்கு அடியில் மாத்திரை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்குத் தெரியவில்லையா என்று கேட்டிருந்தார்கள். இதற்கு என் கேஸ் ஷீட் துணை நின்றது. 11.35, ரத்த அழுத்தம் 90/60, நைட்ரேட் தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். கீழ்ச்சுவர் அடைப்பில் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் இந்த மாத்திரை அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும். எண்ணோடு காரணத்தையும் எழுதிய ஒரே இடம் அது. ஏன் என்று எழுதாத எண் ஆணையத்தில் வெறும் எண்ணாகத்தான் கிடந்தது. காரணத்தோடு எழுதியது எனக்காகப் பேசியது.

நுகர்வோர் வழக்கில் சினிமாவில் வருகிற கூண்டும் குறுக்கு விசாரணையும் பெரும்பாலும் கிடையாது. எல்லாம் காகிதம். அவர்கள் நிரூபண வாக்குமூலம், நம் நிரூபண வாக்குமூலம், அவர்கள் ஆவணங்களுக்கு ஏ வரிசை எண், நம் ஆவணங்களுக்கு பி வரிசை எண், எழுத்து மூலம் கேள்விப் பட்டியல், எழுத்து மூலம் பதில். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் போயின. வழக்கு நாட்களில் வக்கீல் போனால் போதும், ஆனாலும் நான் பல நாள் போனேன். காலையில் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது அந்த அம்மா தம்பியோடு சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். இருவரும் போவது ஒரே இடத்துக்கு. வண்டியை நிறுத்தி ஏறச் சொல்ல முடியாது. "பேசவே பேசாதீங்க டாக்டர்" என்பது வக்கீலின் கண்டிப்பு. அவர் சொன்னது சட்டப்படி சரி. சின்ன ஊரில் அதைக் கடைப்பிடிப்பது, ஒரே தெருவில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது. வழக்கு நடந்த காலத்திலும் அவர் மாமியார் ரத்த அழுத்த மாத்திரைக்கு என்னிடம்தான் வந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கையை நீட்டுவார், பட்டையைச் சுற்றுவேன்.

கேள்விப் பட்டியல் வந்தபோதுதான் கடிகாரம் பிடிபட்டது. முதல் ஈ.சி.ஜி.யில் அச்சாகியிருந்த நேரம் 10.15, நோயாளி பதிவானது 10.30. வருவதற்கு முன்பே எடுத்த ஈ.சி.ஜி. யாருடையது என்று ஒரு கேள்வி. பெயரைக் கையால் எழுதியிருந்தோம், எனவே வேறொருவருடையதை ஒட்டிவைத்திருக்கிறோம் என்பது குற்றச்சாட்டு. இரண்டாவதில் அச்சான நேரம் 11.05. 108இன் அழைப்புப் பதிவில் 11.34. மாரடைப்பு என்று தெரிந்த பிறகு 29 நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

படித்ததும் கை நடுங்கியது. நான்கு நிமிடத்தில் அழைத்தோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மெஷினே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அன்றிரவு தூக்கம் வராமல் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் பேப்பரில் ஒரு கோடு ஓட்டிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் 2.10. பேப்பர் 1.45. அப்போதுதான் உறைத்தது. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பதிவுக்கு முன்பே எடுத்ததாகத் தெரிந்த அந்த அபத்தம்தான், மெஷின் பின்தங்கி ஓடியதற்குச் சான்று. இரண்டு தாளிலும் 25 நிமிடத்தைக் கூட்டினால் சிஸ்டர் எழுதிய 10.40, 11.30 இரண்டோடும் பொருந்தியது.

விடிந்ததும் வக்கீலுக்கு போன் செய்தேன். கடிகாரத்தைச் சரி செய்யட்டுமா என்றேன். "தொடாதீங்க" என்று கத்தினார். நேரில் வந்து சுவர்க் கடிகாரத்தையும் மெஷினையும் சேர்த்துப் படம் எடுத்தார். அந்த மாதத்தில் வேறு சிலருக்கு எடுத்த ஈ.சி.ஜி.களைப் பெயரை மறைத்து, ஓ.பி. நோட்டின் நேரங்களோடு வரிசைப்படுத்தினோம். பழுது பார்க்க வந்தவர் எழுதிக் கொடுத்த அறிக்கையும் பி வரிசையில் சேர்ந்தது. சிஸ்டர் தன் வாக்குமூலத்தில் ஒரே விஷயம் சொன்னார்: நான் எப்போதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

ஆணையம் ஆவணங்களை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி நிபுணர் கருத்துக் கேட்டது. எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று 2010இல் ஹைதராபாத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார்த்தாலே தெரிகிற தவறுக்கு நிபுணர் எதற்கு? ஆனால் என் வழக்கு அப்படிப்பட்டதல்ல. முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பது சாத்தியம், திரும்ப எடுத்தது சரி, மருந்துகள் சரி என்று பதில் வந்தது. என்னை அளக்க அவர்கள் எடுத்த அளவுகோல், 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் பிறந்து, 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நீதிபதி லகோத்தி எழுதிய தீர்ப்பின் வழியாக நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார்? சென்னையில் கேத் லேப் வைத்திருக்கும் இதய நிபுணரோடு ஜலகண்டாபுரத்து மருத்துவனை ஒப்பிடுவதில்லை. அதே சமயம், தன்னால் முடியாதது எது என்று தெரிந்து உடனே அனுப்புவதும் அந்தச் சாதாரணத் திறமைக்குள் அடங்கும்.

அனுப்பச் சொன்னேனா? அங்கேதான் வழக்கு கடைசியில் வந்து நின்றது. சொன்னேன் என்று நான் சத்தியம் செய்தேன். சொல்லவில்லை என்று அந்த அம்மா சத்தியம் செய்தார். என் வாக்குமூலத்தில், இது கேஸ் ஷீட்டில் எழுதப்படவில்லை என்பதையும் நானே சேர்க்கச் சொன்னேன். வக்கீலுக்கு அதில் முழு சம்மதமில்லை. எதிர்த்தரப்பு சொல்லத்தானே போகிறது, நம் வாயால் எதற்கு என்றார். மறைக்காமல் இருந்துவிட்டு மழுப்புவதில் எனக்கு மனமில்லை.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனை வழக்குத் தீர்ப்பு. 1996இல், 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை அங்கே பிறந்தது. குறைப்பிரசவக் குழந்தைகளின் விழித்திரையைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசோதிக்காவிட்டால் பார்வை போகும் அபாயம் உண்டு. பரிசோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு மொத்தம் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். தொகையைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குக் கண்ணை விட்டு அகலாதது அந்த டிஸ்சார்ஜ் சம்மரி. குழந்தையைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெற்றோர் காட்டியிருப்பார்கள். அந்த வரி வழக்குக்காக எழுத வேண்டியதல்ல, குழந்தைக்காக எழுத வேண்டியது. அதுவரை என் வெள்ளைத்தாள் இடைவெளியை என் தற்காப்பில் விழுந்த ஓட்டையாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்தரவு வந்தது. சிகிச்சையில் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை, புகார் தள்ளுபடி. சேலம் போகச் சொன்னதாக இரண்டாம் எதிர்தரப்பினர் கூறுவதற்கு ஆவணம் ஏதுமில்லை என்றும் ஒரு பத்தி இருந்தது. நியாயமான பத்தி. மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையத்தில் 45 நாள் அவகாசம். அவர்கள் போகவில்லை. ஜெயித்துவிட்டீர்கள் என்று பலர் போன் செய்தார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மனிதர் தாரமங்கலம் ரோட்டில் இறந்துபோனார், பாவு பிணைக்க ஆள் வருவதாகச் சொன்னவர்.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு அந்த மூன்று மருந்துகளும் சேர்ந்த 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் திங்கட்கிழமை காலைதோறும் மெஷினின் நேரத்தைச் சரிபார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். நான் கேஸ் ஷீட்டில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதுகிறேன், நோயாளியோடு வந்தவர் படிக்கிற மாதிரி.

போன மாதம் ஒரு இரவு, அதே போல் ஒருவர் வந்தார். மேல்வயிற்று எரிச்சல், வியர்வை, சுத்தமான முதல் ஈ.சி.ஜி. சேலம் போகச் சொன்னேன். "காத்தால போய்க்கறோங்க" என்றார், அதே குரலில். நான் வாதாடவில்லை. இதயமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், இப்போதே சேலம் போகச் சொன்னார், நாங்கள் காலையில் போகிறோம் என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தார். பிறகு பேனாவை என் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. வண்டியக் கூப்பிடுங்க."

108ஐ அழைத்த நேரம் 11.52 என்று எழுதினேன். கோட்டுக்கு மேலே இடம் காலியாகவே இருந்தது.